கொற்கையின் ஓட்டுச் சில்லுக்கு வயது சொன்னவர்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் காயல்பட்டினம் செல்லும் நம்மில் பலர், பழையகாயலைத் தாண்டும்போது பக்கத்திலேயே கொற்கை இருப்பதை நினைப்பதில்லை. இன்று அது வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். ஒரு காலத்தில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம். ஆறு கொண்டுவந்த மண் கடலைத் தள்ளிவிட, துறைமுகம் பழையகாயலுக்கு இறங்கியது. பிறகு அதுவும் தூர்ந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழி நூல் இவ்வூரை 'கொல்கை' என்று குறிக்கிறது. தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு பாண்டியர் இங்கே முத்துக்குளிக்கச் செய்தனர் என்றும் சொல்கிறது. அந்தக் காலத்தின் ஓட்டுச் சில்லு மண்ணில் கிடைத்தால், அதன் வயதை எப்படிச் சொல்வது? எழுத்தும் இல்லை, ஆண்டும் இல்லை. அதற்கு வழி காட்டியவர் மார்டிமர் வீலர்.

1890-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த வீலர், பிரிட்டனில் ரோமானியர் கட்டிய நகரங்களைத் தோண்டிப் பெயர் பெற்றவர். வெருலாமியம் என்ற ரோம நகரை மனைவி டெஸ்ஸாவோடு சேர்ந்து 1930 முதல் 1933 வரை அகழ்ந்தார். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, நடுவே வரப்பு போல மண்சுவரை விட்டுவிட்டு, அடுக்கு அடுக்காக இறங்குவது அவர் முறை. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடந்தது என்பது அந்த மண்சுவரில் தெரியும். இரண்டாம் உலகப்போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட அவர், 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார்.

சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானியச் சாடியின் பகுதி அவர் கண்ணில் பட்டது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்தது என்றார்கள். 1945-ல் அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகையைச் சேர்ந்த, குயவரின் முத்திரை பதித்த சிவப்புத் தட்டுகள் வெளிவந்தன. அவை எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைக்கும் வயது கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது என்றே சொல்லலாம்.

ஆனால் வீலரும் ஓரிடத்தில் சறுக்கினார். உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட மெல்லிய தட்டு ஒன்று உண்டு. 'ரௌலட்டட்' பாண்டம் என்பார்கள். அதுவும் மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது என்று அவர் எண்ணினார். ரோமைப் படித்த கண்ணுக்கு எல்லாமே ரோமாகத் தெரிந்தது போலும்! 1983-ல் விமலா பெக்லி என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மறுபடி தோண்டி, ரோமர் வருகைக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று காட்டினார். அந்தத் தட்டு இந்தியாவில் செய்யப்பட்டது என்பதே இன்றைய முடிவு. இந்தோனேசியாவின் பாலித் தீவு வரை அது கப்பலில் போயிருக்கிறது.

இது நமக்கு ஏன் முக்கியம்? தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69-ல் கொற்கையில் தோண்டியபோது இதே தட்டும், தமிழி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டின் காலம் ஏறத்தாழ கி.மு. 785. ரோமப் பேரரசு பிறப்பதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு! யவனர் வந்துதான் நம் கரை வணிகம் கற்றது என்ற பாடம் இங்கே நிற்காது. 2021-ல் கொற்கையில் மீண்டும் அகழாய்வு நடந்தது.

பழையகாயலுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றதாக எழுதும் காயல் இதுவே என்றவர் கால்டுவெல். அங்கே தரையின் மேலேயே சீனப் பீங்கான் துண்டுகளும் அரபுப் பாண்டத் துண்டுகளும் சிதறிக் கிடந்ததை அவர் பதிவு செய்தார்.

எகிப்தின் செங்கடல் கரையில் குஸைர் அல்-கதீம் என்றொரு பாழடைந்த துறைமுகம் உண்டு. அதன் ரோமர் காலப் பகுதியில் கணன், சாத்தன் என்று தமிழில் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அதே ஊரின் பிற்கால வீடு ஒன்றில் கிடைத்தவை, பதின்மூன்றாம் நூற்றாண்டு முஸ்லிம் வணிகர்களின் அரபுக் கடிதங்கள்.