ஏரும் மண்வெட்டியும்: கல்வராயன் மலையின் ஊர்வாழ்வு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த கள்ளக்குறிச்சி வட்டத்தினுள் இருவகை ஊர்வாழ்வு அருகருகே நிலவியதைக் காண்கிறோம். சமவெளி ஊர்கள் பெரும்பாலும் ரயத்துவாரி முறைக்கு உட்பட்டவை. அங்கு வயலுக்கு அளவை எண் உண்டு. உழவர் பெயரில் பட்டா உண்டு. கணக்கெழுதக் கர்ணமும் வரி தண்ட மணியக்காரரும் உண்டு. மேற்கே கல்வராயன் மலையில் ஏறினால் இவ்வேற்பாடு அப்படியே நின்றுவிடும்.

மலையின் இப்பகுதி சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். முகலாயர் ஆட்சியில் அது, அரசுப் பணியாளர் தம் ஊதியத்திற்கு ஈடாக ஒரு பகுதியின் வருவாயைப் பெற்றுக்கொள்ளும் உரிமையைக் குறித்தது. பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றப்பட்டு வந்த அவ்வுரிமை நிலவுடைமை ஆகாது. பரம்பரைச் சொத்தும் ஆகாது. கல்வராயனிலோ அச்சொல், தந்தைக்குப் பின் மகன் என வழிவழி வந்த தலைமையைச் சுட்டலாயிற்று. சொல் ஒன்றே, பொருள் முற்றிலும் வேறு.

மலையில் வாழ்ந்தோர் பெரும்பாலும் 'மலையாளி' எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களது வழிவழிச் செய்தி. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதிகளிலும் அது இடம்பெற்றுள்ளது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இவர்களது பயிர்கள். காட்டில் திரட்டிய கடுக்காயையும் புளியையும் தேனையும் சமவெளிச் சந்தைகளில் விற்று உப்பும் துணியும் கொண்டனர்.

ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கும் ஒரு தலைவர் உண்டு. மணம், பரிசம், மணவிலக்கு, எல்லைத் தகராறு யாவும் ஊர் கூடிப் பேசித் தீர்க்கப்பட்டன. எவர் எந்தச் சரிவை உழுகிறார் என்பதற்கு ஏடு தேவைப்படவில்லை. ஊரின் நினைவே சான்றாக நின்றது.

ஜாகீர்தாருக்குரிய வரியும் நிலத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படவில்லை. உழுவோரிடம் ஏருக்கு இவ்வளவு, ஏர் செல்லாத சரிவைக் கொத்திப் பயிரிடுவோரிடம் மண்வெட்டிக்கு இவ்வளவு எனக் கருவிகளின் மீதே அது விதிக்கப்பட்டது. இதற்கு மேல் ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கும் கடமையும் இருந்தது. ஊருக்குள் ஒருவர்க்கொருவர் ஈடாக நின்ற மக்கள், ஊருக்கு மேலிருந்த அதிகாரத்தின் முன் ஈடற்றவராயினர். அக்கால ஊர்ச் சமூகத்தைத் தன்னிறைவின் வடிவமாக மட்டும் போற்றுவோர் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் மலையில் ஜாகீர் நீடித்தது. 1976இல்தான் தமிழ்நாட்டரசு அதனைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொணர்ந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவணரசுச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். அரசு வந்தது, அதனுடன் நில அளவையும் வனத்துறை எல்லையும் வந்தன. அப்போது கேட்கப்பட்டது ஆவணம். தலைமுறைகளாக மண்வெட்டிக்கு வரி செலுத்தியவர்களிடம் மண்ணுக்கான ஆவணம் எங்ஙனம் இருக்கும்? வாழ்வை எளிதாக்கிய ஊர் நினைவு, அலுவலகத்தின் முன் சான்றாக ஏற்கப்படவில்லை.

இந்நிலையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கருதத்தக்கது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தைப் பயன்படுத்திவரும் பழங்குடியினரின் உரிமையை அது ஏற்கிறது. கோரிக்கையை முதலில் ஆராயும் பொறுப்பைக் கிராம சபையிடம் அளிக்கிறது. அதன் விதிகளோ, கோரிக்கையாளர் அல்லாத ஊர் மூத்தோரின் வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து சான்றாகக் கொள்ளவும் இடமளிக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊர் கூடிச் சொன்ன சொல்லுக்கு இருந்த மதிப்பில் ஒரு பகுதியேனும் இவ்வாறு சட்டத்திற்குள் திரும்பியிருக்கிறது எனலாம்.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024இல் அங்கு நிகழ்ந்த கள்ளச்சாராயச் சாவுகளை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மலையின் பழைய நடைமுறைகளை அறிந்த மூத்தோர் இன்று குறைந்து வருகின்றனர். அவர்களது சொல்லைப் பதிந்துவைப்பது வரலாற்று ஆர்வத்துக்குரிய பணி மட்டுமன்று. அவர்தம் பேரர்களின் நிலவுரிமைக்கும் அதுவே ஆவணமாகக்கூடும்.