சந்நிதிக்கு எதிரே விட்ட இடம்

ராஜஸ்தானின் நாத்துவாராவில், ஸ்ரீநாத்ஜி கோயிலை அண்டிய தெருக்களில் ஓவியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கோவர்த்தன மலையைத் தாங்கிய கண்ணனாகிய ஸ்ரீநாத்ஜி, ஔரங்கசீப் காலத்தில் மதுராவைச் சூழ்ந்த விரஜ பூமியிலிருந்து கிளம்பி 1672இல் இந்த மேவார் மண்ணில் எழுந்தருளினார். அவருக்கு நடக்கும் பூசையை, கையில் ஏந்திப் பார்க்கும் அளவுத் தாளில் இந்த ஓவியர்கள் தீட்டினார்கள். பல தாள்களை ஒட்டிக் கனமாக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அணில் முடித் தூரிகையால் கோடிழுக்கும் நுட்பமான வேலை அது. ஒரு நாளில் எட்டுத் தரிசனங்கள், பருவத்துக்கேற்ற உடை, அன்னக்கூட்டத் திருநாளில் மலையாய்க் குவித்த சோறு என எல்லாம் படத்தில் இருப்பதால், இவற்றைக் கோயில் நடைமுறையின் பதிவுகள் என்கிறார்கள். பதிவுகள்தாம், ஆனால் அவ்வளவோடு நிறுத்துவது இந்தக் கலைக்குச் செய்யும் அநியாயம். பார்ப்பவரைப் பூசைக்கு உள்ளேயே கொண்டு நிறுத்துவதற்காக அமைந்த படங்கள் இவை.

இந்தப் படங்களில் சுவாமி இடக்கையை உயர்த்தி, வலக்கையை இடுப்பில் ஊன்றி நேர்முகமாக நிற்கிறார். ஆரத்தி எடுக்கும் கோசுவாமியும் (கோயில் பூசகர்) கைகூப்பும் அரசரும் பக்கவாட்டு முகத்தோடு இருபுறமும் ஒதுங்கியிருக்கிறார்கள். நேர் எதிரே ஆள் இல்லை. அந்த இடம் தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு உரியது. மூலவிக்கிரகமே நேர்முகமானது, ஓவியர் கண்டதை வரைந்தார், இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். விக்கிரகத்தின் முகத்தை அது விளக்கும். மனிதர்களை ஏன் ஓரத்தில் நிறுத்தினார் என்பதை விளக்காது. அதோடு, 1775 வாக்கில் இமயமலை அடிவாரத்துப் பஹாடி ஓவியர்கள் கீத கோவிந்தத்துக்குத் தீட்டிய படங்களில் அதே கண்ணன் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தோடுதான் வருகிறான். அங்கே அவன் ராதையைப் பார்க்கிறான். நாம் கதையைப் பார்க்கிறோம். இங்கே பார்வை நம்மேல் விழுகிறது.

இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: பணம் கொடுத்தவர்கள் சுவாமிக்குப் பக்கத்தில் தங்களைக் காட்டிக்கொள்ள வரையச் சொன்ன படங்கள்தானே இவை? அந்த ஆசை இருந்தது உண்மை. ஒளிப்படக்கலை வந்தபின், வேண்டுதலுக்காக வரையும் 'மனோரத' ஓவியங்களில் காணிக்கையாளரின் முகத்தை ஒளிப்படத்திலிருந்து வெட்டி ஒட்டவும் செய்தார்கள். ஆனால் கேமரா தந்த முகம் எந்தக் கோணத்தில் இருந்தாலும், அவர் நின்றது ஓரத்தில்தான். காசு கொடுத்தவருக்குக்கூடச் சந்நிதியின் எதிரிடத்தை ஓவியர் தரவில்லை. ஆகவே அருங்காட்சியகத்தில் இப்படியொரு படம் கண்ணில் பட்டால், நடந்துகொண்டே எட்டிப் பார்க்காதீர்கள். நேர் எதிரே போய் நின்று பாருங்கள்.