அடைக்கல நேர்காணலும் தமிழ்ச் சான்றுரையும்

அடைக்கலம் என்னும் சொல் தமிழில் இரு பொருள் உடையது. புகலிடத்தையும் அது குறிக்கும். ஒருவரிடம் காவலுக்கு ஒப்படைக்கப்பெறும் பொருளையும் ஆளையும் குறிக்கும். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கின்றார். ஆண்டு அடைக்கலம் புகுவோர் தம் தகுதியைத் தாமே மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அவரை அறிந்த சான்றோர் ஒருவர் அவர்க்காக எடுத்துரைக்கின்றார். இக்காலத்து முறை இதனின் வேறுபட்டது. வேற்று நாட்டு அதிகாரி ஒருவர்முன் அமர்ந்து, தமக்கு நேர்ந்ததையும் இனி நேரக்கூடியதையும் கூறி, தமக்குத் தாமே சான்றாக நிற்றல் வேண்டும். இச்சான்றுரைக்குத் தமிழர் எங்ஙனம் ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும், தமிழ்மொழியின் இயல்பு எவ்வெவ்விடங்களில் இடர் விளைக்கும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் வட்டாரத்தில், சிறுவாணிச் சாலையை ஒட்டிய பூலுவப்பட்டியில் ஈழத்தமிழர் முகாம் ஒன்று உள்ளது. 1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையில் எழுந்த வன்செயல்களுக்குப் பின்னர்த் தமிழகத்துக்கு ஏதிலியர் பெருந்திரளாக வரத் தொடங்கினர். அவர்க்கென அமைந்த முகாம்களுக்கு 2021இல் தமிழக அரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. ஏதிலியர் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இங்கு வந்த ஈழத்தமிழர் தனித்தனியே ஆராயப்பெறாது, ஒரு கூட்டமாகவே ஏற்றுக்கொள்ளப்பெற்றனர். ஆயின் இத்தகைய முகாம்களில் வளர்ந்தோரும் அவர்தம் உறவினரும் கனடா, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் அடைக்கலம் கோருங்கால், ஒவ்வொருவரும் தனித்தனியே நேர்காணலுக்கு உட்படுகின்றனர்.

அந்நேர்காணலில் ஆராயப்படுவது யாது? இனம், சமயம், நாட்டுரிமை, குறிப்பிட்டதொரு சமுதாயக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து என்னும் ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற அடிப்படையுள்ள அச்சம் உண்டா என்பதே உடன்படிக்கை கேட்கும் வினாவாகும். அச்சம் உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் புறத்தே அடிப்படையும் வேண்டும். இதனைத் தெளிவாக்கிய வழக்குகளுள் ஒன்று தமிழர் வழக்கேயாகும். 1987இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை, சிவகுமாரன் வழக்கு என வழங்கும் வழக்கில், துன்பம் நேர்வதற்கு நியாயமான வாய்ப்பு உண்டா எனப் புறநிலையில் நோக்குதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கினருள் ஐவர் 1988இல் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பெற்றனர். 1989இல் அவர்தம் மேல்முறையீடு ஏற்கப்பெற்றமையால் மீண்டும் பிரித்தானியா சென்றனர். ஒரு முடிவுக்கும் அதன் திருத்தத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதர் அஞ்சிய இடத்திற்கே செல்ல நேர்கின்றது. நேர்காணலிற் கூறும் ஒவ்வொரு சொல்லும் எத்துணைக் கனமுடையது என்பதற்கு இதுவே சான்றாகும்.

ஏதிலியர் பலரிடம் ஆவணங்கள் இரா. ஆதலின் வாய்மொழியே தலைமையான சான்றாகின்றது. கனடிய உச்ச நீதிமன்றம் 1985இல் சிங் வழக்கில், ஒருவர் சொல்லை நம்பலாமா என்பதே வினாவாக இருக்குங்கால் அவரை நேரில் வைத்துக் கேட்டல் வேண்டும் என முடிவு செய்தது. நேரிற் பேசும் உரிமை பெரும்பேறே. ஆயின் அதனோடு, பேச்சிற் காணும் முரண் ஒவ்வொன்றும் பேசியவர்க்கு எதிராக எண்ணப்படும் நிலையும் உடன் வருகின்றது.

இதனை அஞ்சிச் சிலர், முகவர் கற்பித்த கதையை மனப்பாடம் செய்கின்றனர். இஃது ஆயத்தம் அன்று, கேடு. 1986 ஆகத்து 11ஆம் நாள், கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர் மீட்கப்பெற்றனர். தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறினர். மேற்கு செருமனியிலிருந்து கப்பலேறியமை பின்னர் வெளிப்பட்டது. கனடாவில் தங்க அவர்கட்கு இசைவு கிடைத்ததாயினும், வழியைப் பற்றிக் கூறிய பொய், நாட்டைவிட்டு ஓடிய காரணத்தைப் பற்றிய மெய்யையும் பலர் ஐயுறச் செய்தது. ஐக்கிய நாடுகளின் ஏதிலியர்க்கான உயர் ஆணையர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கைந்நூல், பொய்க்கூற்று ஒன்றே மறுப்பதற்குக் காரணமாகாது என்றும், உண்மையைத் தேர்ந்தறியும் கடமை கேட்கும் அதிகாரிக்கும் உண்டு என்றும் கூறுகின்றது. அந்நெறியை எல்லா அதிகாரியும் ஒருபடித்தாய்ப் போற்றுவர் என நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

அங்ஙனமாயின் உண்மையான ஆயத்தம் யாது? தாம் கண்டது, பிறர்வாய்க் கேட்டது, தாம் கருதியது என்னும் மூன்றையும் வேறு வேறாகப் பிரித்து, தம் இயல்பான தமிழில் ஐயமறச் சொல்லப் பழகுதலே ஆயத்தமாகும். இனி அதனைப் பகுதி பகுதியாகக் காண்போம்.

1. கண்டதும் கேட்டதும்

தமிழில் 'ஆம்' என்னும் ஈறு பிறர் கூற்று என்பதைக் காட்டும். 'அவனைப் பிடித்தார்களாம்' என்றால், கூறுவோன் அதனைக் கண்டிலன் என்பது தமிழர்க்குத் தெளிவு. மொழிபெயர்க்குங்கால் இவ்வீறு எளிதில் நழுவிவிடும். 'பிடித்தார்கள்' என்றே பதிவாகும். பின்னொரு வேளை, 'நீர் நேரிற் கண்டீரா?' என வினவ, 'இல்லை' என விடை வருமாயின், அது முரணாகத் தோன்றும். ஆதலின் ஈற்றை நம்பாது, 'இதனை நான் காணவில்லை. என் தாயார் சொல்லக் கேட்டேன்' என முழுத்தொடராற் கூறுதல் வேண்டும். 'காணாமற் போனார்' என்பதும் 'கொண்டு சென்றவர்கள் திருப்பி அனுப்பவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது தானே மறைந்தமையையும் குறிக்கும். பின்னது செய்தவர் உண்டு என்பதை வெளிப்படுத்தும்.

2. எழுவாயும் எண்ணும்

தமிழ்த்தொடர் எழுவாய் தோன்றாமலும் நிற்கும். 'வந்தார்கள், அடித்தார்கள், கொண்டு போனார்கள்' எனக் கூறுமிடத்து, வந்தோர் படையினரா, காவலரா, ஆயுதக்குழுவினரா என்பது தெரியாது. அச்சத்தின் காரணம் ஐந்தனுள் எது என்பதை முடிவு செய்வதற்குச் செய்தவர் யார் என்பது இன்றியமையாதது. மேலும் பேச்சுத்தமிழில் பன்மை ஈறு மதிப்புக் கருதி ஒருவர்க்கும் வரும். கொங்குநாட்டில் வளர்ந்தவர் ஓர் அதிகாரியைப் பற்றி, 'அவங்க வந்தாங்க' என்பார். கேட்போர் பலர் வந்தனர் எனக் கொள்வர். 'நாங்கள் போனோம்' எனத் தன்னந்தனியே போனவரும் கூறுவதுண்டு. எத்தனை பேர், எவர் எவர் என்பதை எண்ணோடும் பெயரோடும் கூறப் பழகுதல் வேண்டும்.

3. உறவும் பெயரும்

பெரியப்பன் மகனும் பெரியம்மை மகனும் தமிழர்க்கு அண்ணனே. 'என் அண்ணனைச் சுட்டனர்' என ஒருவர் கூறுகின்றார். விண்ணப்பத்திலோ உடன்பிறந்தார் பட்டியலில் அண்ணன் எவரும் இலர். பொய் யாதும் சொல்லாமலே அவர் பொய்யர் ஆகின்றார். 'என் தந்தையாரின் தமையனாரின் மகன். அண்ணன் என்றே அழைப்போம்' எனக் கூறின் இடர் நீங்கும். சித்தப்பா என்னும் சொல்லும் தந்தையின் தம்பியையும் சிறிய தாயின் கணவரையும் ஒருங்கே குறிப்பதை நினைவிற் கொள்க.

தமிழர்க்குக் குடும்பப்பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். வேற்று நாட்டுப் படிவத்திலோ தந்தை பெயர் குடும்பப்பெயராகி விடுகின்றது. தந்தைக்கும் மகனுக்கும் 'குடும்பப்பெயர்' வேறுபடுவதன் காரணம் இதுவே. வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றும் பிறப்புச் சான்றிதழிற் கண்ட பெயர் ஒன்றுமாக இருப்பின், இரண்டையும் தொடக்கத்திலேயே அறிவித்தல் நன்று.

4. திங்களும் நாளும்

இலங்கைத் தமிழர் தை, மாசி முதலிய பெயர்களைச் சனவரி, பிப்பிரவரி முதலிய ஆங்கிலத் திங்கள்களுக்கே வழங்குதல் பெருவழக்கு. தமிழகத்திலோ தைத்திங்கள் சனவரி நடுவில் தொடங்கும். 'தை 5' என்பது ஈழத்தவர்க்குச் சனவரி 5. தமிழகத்தவர்க்குச் சனவரி 18 அல்லது 19. சாட்சி ஈழத்தவராகவும் மொழிபெயர்ப்பவர் தமிழகத்தவராகவும் இருப்பின், இரு வாரப் பிழை நேரும். ஆதலின் எம்முறைத் திங்கள் என்பதைக் கூறுதல் வேண்டும்.

நாள் நினைவில்லை எனின், நினைவிருப்பதைப் போல ஒன்றைக் கற்பித்துக் கூறலாகாது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இருந்த காலம், 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த காலம், 2009 மே திங்களில் போர் முடிந்த காலம் என, அறியப்பட்ட நிகழ்ச்சிக்கு முன்னா பின்னா எனக் கூறலாம். துன்புற்றார் நினைவு வரிசையாக அமைவதில்லை. 'அந்நாள் திட்டமாக நினைவில்லை' என்பது குறையன்று; நேர்மையான விடை.

5. வட்டார வழக்கு

யாழ்ப்பாணத்தில் கதைத்தல் என்பது பேசுதல். தமிழக மொழிபெயர்ப்பாளர் அதனைக் கதை கட்டுதலாகக் கொள்ளவும் கூடும். முகாம் என்னும் சொல் இதனினும் நுட்பமானது. பூலுவப்பட்டியில் அது குடியிருப்பு. வன்னியில் அது படைமுகாமாகவும் இருக்கலாம். 'முகாமில் இரண்டு திங்கள் இருந்தேன்' என்பது புகலிடத்தில் இருந்தமையா, சிறைப்பட்டிருந்தமையா? இயக்கம் என்னும் சொல்லும் அத்தகையதே. ஈழத்தில் அது பெரும்பாலும் ஆயுத அமைப்பைக் குறிக்கும். அதில் உறுப்பினராக இருத்தல், வற்புறுத்தலால் உணவளித்தல், பதுங்குகுழி வெட்டுதல் ஆகியன வெவ்வேறானவை. போர்க்குற்றம் முதலியன புரிந்தோரை உடன்படிக்கை விலக்குகின்றது. ஆதலின், 'இயக்கத்துக்கு உதவினேன்' என்னும் பொதுக்கூற்றை விடுத்து, செய்த செயலையே கூறுதல் வேண்டும்.

6. பேச்சும் பிறப்பிடமும்

ஐரோப்பிய நாடுகள் சில, ஒருவர் பேச்சைப் பதிவு செய்து, அவர் எந்நாட்டவர் என ஆய்வதுண்டு. இம்முறையில் இடர்ப்படுவோர் முகாமில் வளர்ந்த இளைஞரே. இல்லத்தில் ஈழத்தமிழும் பள்ளியில் கொங்குத்தமிழும் கேட்டு வளர்ந்தவர் 'ஓம்' என்றும் கூறுவார். 'வந்தேனுங்க' என்றும் கூறுவார். மலையகத் தமிழர் பேச்சோ முன்னமே தமிழகப் பேச்சுக்கு நெருங்கியது. மொழியியலறிஞர் குழுவொன்று 2004இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பேச்சு ஒருவர் எச்சமுதாயத்தில் வளர்ந்தார் என்பதைக் காட்டுமேயன்றி, அவரது நாட்டுரிமையைக் காட்டாது என வலியுறுத்துகின்றன. இத்தகையோர் பேச்சை மாற்றி நடித்தல் கூடாது. எவ்வாண்டு முதல் எவ்வாண்டு வரை எங்கு வாழ்ந்தார், எப்பள்ளியில் பயின்றார், இல்லத்தில் எவர் எவ்வழக்கிற் பேசினர் என்பவற்றை முறைப்படுத்தி வைத்து, முகாம் அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றோடு முன்வைத்தல் வேண்டும். இந்தியாவை விட்டு நீங்கிய காரணத்துக்கும் விடை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்வினா தவறாது எழும்.

7. நேர்காணல் நாளில்

தொடக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளரோடு சில சொற்கள் பேசி, ஒருவர் மொழி ஒருவர்க்கு விளங்குகின்றதா எனத் தெளிதல் வேண்டும். விளங்கவில்லையெனின் உடனே அறிவித்து, அது பதிவாகுமாறு கேட்டல் தகும். முடிவு வந்தபின் கூறுவது வலிமையற்றது. விடையைச் சிறு சிறு தொடராகப் பிரித்துக் கூறின், மொழிபெயர்ப்பில் விடுபடுதல் குறையும். மானக்கேடு கருதிப் பெண்டிர் கூறத் தயங்கும் கொடுமைகள் உண்டு. அவர்கள் பெண் அதிகாரியையும் பெண் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கோரலாம். உடலில் வடு இருப்பின், மருத்துவர் அறிக்கை பெறுதல் நன்று. 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில், அத்தகைய மருத்துவ அறிக்கையை உரிய கவனத்தோடு ஆராய்தல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பதிவு செய்த உரையின் படியைக் கேட்டுப் பெற்று, பிழையிருப்பின் காலந்தாழ்த்தாது எழுத்தில் திருத்தம் அளித்தல் இன்றியமையாதது. இவற்றுக்கெல்லாம் தகுதியுள்ள வழக்குரைஞர் துணையே சிறந்தது. முகவர் துணை அன்று.

இதுகாறும் கூறியவற்றால், அடைக்கலம் வேண்டுவோர்க்கு நேரும் இடர்களுட் பல அவர்தம் வரலாற்றிற் பிறப்பன அல்ல என்பதும், ஒருமொழியின் இயல்பு மற்றொரு மொழியிற் புலப்படாமையாற் பிறப்பன என்பதும் போதரும். இவ்விடர்களைக் களைதல் ஏதிலியர் கடமை மட்டுமன்று. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம், கொங்குநாடு ஆகியவற்றின் உறவுப்பெயர், காலப்பெயர், வன்முறை பற்றிய சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்து, மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் கையகராதி ஒன்று ஆக்குதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். கோவையினின்று தொடங்குவார்க்குப் பூலுவப்பட்டி அருகிலேயே உள்ளது.