முகம் கொடுத்தவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

உங்கள் வீட்டுப் போட்டோ ஆல்பத்தை எடுத்துக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். கல்யாணம், சீமந்தம், காதுகுத்தல்! பெரியவர்கள் நாற்காலியில், குழந்தைகள் தரையில், மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் விறைப்பாக. எல்லோரும் சொந்தக்காரர்கள். தினம் வாசலில் நின்று "பூ வேணுமாம்மா?" என்று குரல் கொடுக்கிறாரே, அந்த அம்மாள் அதில் இருக்கிறாரா? பத்து வருஷமாகக் காய்கறி கொண்டுவரும் வண்டிக்காரர்? இருக்க மாட்டார்கள். செல்போனில் ஆயிரம் படம் நிறைந்து கிடக்கும் இந்தக் காலத்திலும் இருக்க மாட்டார்கள்.

ஆனால், முன்பின் தெரியாதவர்களைத் தெருவிலே பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, அவர்கள் முகத்தைப் படமாக எடுப்பதையே வேலையாகவும் பொழுதுபோக்காகவும் கொண்டவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான். ஆனால் அதிலே ஒரு தர்மமும் இருக்கிறது. அது என்னவென்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப்பட்டினம் வரை போய்வரலாம், வாருங்கள்.

கல்லிலே ஒரு பால்காரர்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையில் போனால் முதலில் மாமல்லபுரம். அங்கே ஆதிவராகக் குகைக்குள் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரவர்மனும் தங்கள் ராணிகளோடு சிலையாக இருக்கிறார்கள். அரசர்கள் அல்லவா? மேலே பெயரும் பொறித்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்த கையோடு கிருஷ்ண மண்டபத்துக்குப் போங்கள். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். அவனைச் சேவித்துவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு திரும்பிக் கன்றை நக்கிக் கொடுக்கிறது. சுமையும் பானைகளுமாக ஓர் ஆய்ச்சி நிற்கிறாள். ஒருவர் குழல் ஊதுகிறார். இவர்களெல்லாம் புராணத்திலிருந்து வந்தவர்களாகத் தோன்றவில்லை. சிற்பி தம் தெருவில் தினமும் பார்த்த ஜனங்களாகத்தான் இருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் அவர் எடுத்த தெருப் படம் இது! ராஜாவுக்குப் பெயர் உண்டு. பால் கறப்பவருக்கு இல்லை.

அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் வாயில் நுழையாமல் சதுரங்கப்பட்டினத்தைச் 'சத்ராஸ்' ஆக்கினார்கள். கடலோரத்தில் அவர்கள் கட்டிய செங்கல் கோட்டை இடிந்தும் இடியாமலும் நிற்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். பலகையாகப் படுத்திருக்கும் கற்களில் பெயரையும் வருஷத்தையும் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் கடல் கடந்து இங்கே வந்தது எதற்காக? இந்தப் பக்கத்து நெசவாளிகள் நெய்த மெல்லிய மஸ்லின் துணிக்காக! துணி வாங்கியவர் பெயர் கல்லில் இருக்கிறது. நெய்தவர் பெயர் எங்கே?

பெயர் கேட்காத படங்கள்

காமிரா வந்த பிறகாவது இந்தக் குறை தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை. சென்னை அரசாங்க மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் ஏழு பெரிய புத்தகங்கள் வெளியிட்டார். அதிலே நம் ஜனங்களின் படங்கள் இருக்கின்றன. ஆனால் அவர் போன இடமெல்லாம் அளவுகோலும் கூடவே போயிற்று. மூக்கு எத்தனை அகலம், தலை எத்தனை நீளம் என்று கணக்கெடுத்தார். படத்தின் கீழே ஜாதியின் பெயர் வந்தது. மனிதரின் பெயர் பெரும்பாலும் வரவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1936ஆம் வருஷத் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்க வந்த கூலிக்காரர்களின் முகாமில், டோரதியா லாங் என்ற பெண்மணி ஒரு தாயைப் படம் எடுத்தார். கந்தல் உடை, தோளில் முகம் புதைத்த குழந்தைகள், கன்னத்தில் கை, எங்கோ பார்க்கும் கண்கள். பத்திரிகையில் படம் வந்ததும் ஊரே பதறியது; அரசாங்கம் அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் குழந்தைகளோடு வேறு ஊர் போய்விட்டார்! பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்று லாங் பிற்பாடு தாமே எழுதினார். 42 வருஷம் கழித்து, 1978-இல்தான் அவர் பெயர் புளோரன்ஸ் தாம்ஸன் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. படம் உலகமெல்லாம் சுற்றியும் தமக்கு ஒரு காசு கிடைக்கவில்லை என்று அந்த அம்மாள் மனம் நொந்தார்.

ஆப்கானிஸ்தானத்துப் பச்சைக்கண் சிறுமியின் படத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. 1984-இல் பாகிஸ்தானத்து அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி எடுத்தது. மறு வருஷம் ஜூன் மாதம் 'நேஷனல் ஜியாக்ரபிக்' பத்திரிகையின் அட்டையில் வந்தது. அந்தப் பெண் ஷர்பத் குலா தன் படத்தை முதன்முதலாகப் பார்த்தது எப்போது தெரியுமா? 2002-இல்! அதற்குள் அவள் மூன்று குழந்தைகளுக்குத் தாய். உலகமே பார்த்துவிட்ட முகத்தை, முகத்துக்கு உரியவள் கடைசியில் பார்த்தாள். இது என்ன நியாயம், சொல்லுங்கள்?

பேச்சு வந்தது, வழி பிறந்தது

2010-இல் நியூயார்க்கில் பிராண்டன் ஸ்டான்டன் என்ற இளைஞர், அந்நகரத்து ஜனங்களில் பத்தாயிரம் பேரைப் படம் எடுத்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று புறப்பட்டார். எடுக்க எடுக்க, படத்தைவிடப் பேச்சுத்தான் சுவாரசியம் என்று கண்டுகொண்டார். படத்தின் கீழே அவர்கள் சொன்னதையே எழுதினார். அதைப் பார்த்து நம் தேசத்து நகரங்களிலும் பலர் கிளம்பினார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே பழனி குமார் இருக்கிறார். மதுரைச் சீமைக்காரர், தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். துப்புரவுத் தொழிலாளர்களையும், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் இவர் எடுத்த படங்கள் புகழ் பெற்றவை. தாம் எடுப்பதோடு நிற்காமல், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுத்து எடுக்கவும் கற்றுக் கொடுக்கிறார். அவர் வேலை செய்த 'பாரி' என்ற கிராமப்புற மக்களுக்கான ஆவணக் களஞ்சியம், பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கியது. தேசத்தின் ஒவ்வொரு மாவட்டத்து முகங்களையும் சேர்க்க அது முனைந்தது. படத்தின் கீழே ஊர், தொழில், பெயர் எல்லாம் இருக்கும். தர்ஸ்டன் விட்டது இப்போதுதான் நிரம்புகிறது!

நீங்களும் எடுக்கலாம்

சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துக்குக் காலையில் போங்கள். கிழக்குக் கடற்கரை ஆனதால் கடலைப் பார்த்து நிற்பவர் முகத்தில் காலை வெயில் நேரே விழும். உச்சி வேளையில் எடுத்தால் கண்கள் இரண்டும் இருண்ட குழியாகிவிடும். மர நிழலோ வீட்டுத் திண்ணையோ நல்லது.

காமிராவை முதலில் கைப்பையிலேயே வைத்திருங்கள். "ஆயா, இது என்ன மீன்? எப்படிக் குழம்பு வைக்கணும்?" என்று கேளுங்கள். மீன் குழம்பைப் பற்றிக் கேட்டால் பேசாத ஆயா இந்தக் கரையிலே கிடையாது! பிறகு, "உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். "இந்தப் பொடவையோடவா? சும்மா இரும்மா!" என்று ஒருத்தி சிரிப்பாள். "இரு, முகத்தைக் கழுவிக்கிட்டு வரேன்" என்று இன்னொருத்தி உள்ளே போவாள். காத்திருங்கள். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் கும்பிட்டு விட்டு வந்துவிடுங்கள். குழந்தைகளானால் தாயாரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. பக்கத்திலுள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் மட்டும் காமிராவைத் திருப்பாதீர்கள். அதற்குச் சட்டம் இடம் கொடுக்காது.

படம் எடுத்ததும் பெயரைக் கேட்டு, ஒரு சிறு நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்கே முதலில் காட்டுங்கள். ஊருக்கெல்லாம் அனுப்புவதாக இருந்தால், அதற்கும் தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

கடன் தீர்க்கும் வழி

கடைசியாக ஒன்று. அதுதான் முக்கியம். படத்தைக் காகிதத்தில் பிரதி எடுத்து, கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு காப்பிக்கு ஆகிற செலவுதான்.

எதற்கு இத்தனை சிரமம் என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் சுனாமி வந்தபோது, இந்தக் கரையிலே உயிர்களையும் வீடுகளையும் கொண்டு போயிற்று. சுவரில் மாட்டியிருந்த படங்களும் வீடுகளோடு போயின. பெரியவர்கள் காலமான பிறகு, அடையாள அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி மாலை போடுகிற வீடுகள் எத்தனை! அந்தப் படத்தில் அவர்கள் சிரிப்பதே இல்லை. சர்க்கார் ஆபீஸில் யார் சிரிக்கிறார்கள்?

நீங்கள் எடுத்ததோ, மீன் குழம்பைப் பற்றிப் பேசிச் சிரித்தபோது எடுத்த படம். உங்களுக்கு அது நூற்றில் ஒன்று. அவர்கள் வீட்டில் அது ஒன்றே ஒன்றாக இருக்கலாம்.

நம் தமிழிலே 'முகம் கொடுத்துப் பேசுவது' என்று சொல்கிறோம். யாரோ ஒருவர் நம்மை நம்பி முகம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டால் அது கடன். அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் இன்னும் 15 கிலோமீட்டர் போய் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டு வாருங்கள். ஆயா உங்களைச் சும்மா திருப்பி அனுப்ப மாட்டாள். நல்ல மீனாக நாலு பொறுக்கிப் போட்டுத்தான் அனுப்புவாள்!