காதுக்கு இடம் தெரிய வேண்டும்

அந்தமான் தீவுகளின் பழங்குடியினரான கிரேட் அந்தமானியரிடம் இருந்தது ஒரே ஓர் இசைக்கருவி. படாக் மரத்தில் கேடயம் போலக் குடைந்த பலகை, சுமார் 5 அடி நீளம். குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து, ஒரு காலால் அழுத்திக்கொண்டு மறுகாலால் அதன்மேல் தாளம் மிதிப்பார் பாடுபவர். அடியில் அடைபட்ட காற்று அந்த மிதிக்குக் கனம் சேர்க்கும். கால் நீட்டி வரிசையாக உட்கார்ந்த பெண்கள் தொடையில் தட்டியபடி பின்பாட்டு பாட, எதிரே ஆட்டம் நடக்கும்.

1880களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஈ.எச். மேனும் எம்.வி. போர்ட்மனும் இதை விரிவாக எழுதி வைத்தார்கள். 1906 முதல் 1908 வரை அங்கே களப்பணி செய்த மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரௌன், ஒவ்வோர் ஆணும் தன் பாட்டைத் தானே கட்டினான் என்கிறார். படகு குடைந்தது, ஆமை பிடித்தது போன்றவைதான் பாட்டின் பொருள். அவர்களின் மொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார். மொழியியலாளர் அன்விதா அப்பியின் பதிவுகளில் அவர் குரல் இருக்கிறது. அது பெரும் பேறு. ஆனால் மிதி எந்தப் பக்கம் விழுந்தது, பின்பாட்டு எங்கிருந்து எழுந்தது என்பதை எந்த ஒற்றை மைக்கும் காப்பாற்றித் தராது.

இடம் தொலைந்தால் இசையில் எவ்வளவு தொலையும்? இதை நன்றாகக் காட்டுவது, சின்ன அறையில் மூன்றே பேர் வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ். இரண்டு இசைக்கும் உறவில்லை. அந்தமான் பாட்டு முன்பே கட்டி ஒத்திகை பார்த்தது. ஃப்ரீ ஜாஸ் அந்தந்த நொடியில் பிறப்பது. கேட்கும் காது மட்டுமே பொது.

1964 ஜூலை 10 அன்று நியூயார்க்கில் ஆல்பர்ட் அய்லர் சாக்ஸபோனும், கேரி பீக்காக் டபுள் பாஸும், சன்னி மர்ரே டிரம்ஸும் வாசித்துப் பதிவான ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ இவ்வகையின் உச்சங்களில் ஒன்று. மர்ரே தாளம் போடவே இல்லை. சிம்பலை ஓயாமல் சலசலக்க விட்டார். நம் கச்சேரியில் கற்பனைஸ்வரம் எங்கே பறந்தாலும் தாளம் கையில் இருக்கும், ராகம் காதில் இருக்கும். இங்கே இரண்டும் கிடையாது. முதல்முறை கேட்பவர் ‘வெறும் இரைச்சல்’ என்று எழுந்து போவதைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கேட்டது போன் ஸ்பீக்கரில் என்றால்.

கலந்து வரும் ஒலிகளை மூளை எப்படிப் பிரிக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சுருதி, நாதத்தின் குணம், ஒன்றாகத் தொடங்குகிறதா, எந்தத் திசை என்று பல தடயங்களை மூளை சேர்த்துப் பார்க்கிறது. அடுத்த அடி எப்போது விழும் என்ற எதிர்பார்ப்பும் உதவும். ஃப்ரீ ஜாஸ் அந்த எதிர்பார்ப்பைப் பறித்துவிடுகிறது. அப்போது திசையின் மதிப்பு கூடுகிறது. வலப்பக்க ஒலி இடக்காதை எட்ட அதிகபட்சம் 0.7 மில்லிவினாடிதான் தாமதம். அதில் நூறில் ஒரு பங்கு அளவிலான வேறுபாட்டைக்கூட நம் செவி உணரும். ஸ்பீக்கர் வைக்காத அறையில் சாக்ஸ் இடப்பக்கம், பாஸ் நடுவில், டிரம்ஸ் வலப்பக்கம் என்று மூன்றும் தனித்தனியாக நிற்கும். ஒரே ஸ்பீக்கரில் அடைத்தால் அத்தனையும் ஒரு புள்ளியில் குவியும்.

கிட்ட உட்காருவதற்கும் காரணம் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுப் பிந்தி வந்தாலும், முதலில் வந்த ஒலியின் திசையையே மூளை ஏற்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949இல் பேச்சொலியைக் கொண்டு இதை அளந்தார். தூரம் போகப் போக நேரடி ஒலி மெலியும், எதிரொலி ஓங்கும், இடம் கலங்கும். இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் இன்னொன்றும் கிடைக்கும்: சாக்ஸ்காரர் மூச்சிழுக்கும் சத்தம். அதைக் கேட்டதும் டிரம்மரின் குச்சி மேலே எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். தாளம் இல்லாத இடத்தில் அவர்களை ஒன்றாகத் தொடங்க வைப்பது அந்த மூச்சுதான்.

இப்படி ஒருவரையொருவர் கேட்டு வாசிப்பது உரையாடல் போன்றதே. ஜாஸ் கலைஞர்கள் இருவர் மாறி மாறிக் கேள்வி-பதிலாக வாசித்தபோது ஒருவரின் மூளையை ஸ்கேன் செய்த ஆய்வாளர் சார்லஸ் லிம்பின் குழு, மொழியின் இலக்கண அமைப்பைக் கையாளும் பகுதிகள் அப்போது இயங்கியதாக 2014இல் எழுதியது. மூளை மட்டுமல்ல, உடலும் இதில் சேரும். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் இயற்பியல் படித்தவர். இசையறிவு உடலில் வேரூன்றியது, தாளத்தின் நுண்ணிய முன்பின் அசைவுகளில் வாசிப்பவரின் உடலே தெரிகிறது என்று 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஸ்டீவ் லேமன், டைஷான் சோரியுடன் ‘ஃபீல்ட்வொர்க்’ என்ற மூவர் குழுவிலும் வாசித்தார்.

வாய்ப்புக் கிடைத்தால் மூவருக்கும் எதிரே, நடுவில் உட்காருங்கள். மூலை வேண்டாம், அங்கே பாஸ் திரண்டு மற்றதை மூடிவிடும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு, சின்ன அறையில் டிரம்ஸ் அதை எளிதில் எட்டும். காது அடைப்பான் ஒரு ஜோடி கையோடு இருக்கட்டும். இரு காதிலும் ஒரேபோல அழுந்தப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்று தளர்ந்திருந்தால் இடது வலது கணக்குக் குழம்பிவிடும்.