வெங்காயக் கண்ணீரும் ஒற்றைத் தலைவலியும்

பெரம்பலூரை அடுத்த செட்டிக்குளத்துச் சின்ன வெங்காயத்தை அரிவாள்மணையில் அரிந்தவர் எவரும் கண்ணீர் சிந்தாது எழுந்ததில்லை. உயிரணுக்கள் அறுபட்டதும், அதுவரை பிரிந்திருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் ஒன்றுகூடி ஓர் ஆவியை எழுப்புகின்றன. அவ்வாவி கருவிழியின் நரம்பு முனைகளைச் சுடுகிறது. அவை முக்கிளை நரம்பின் முதற்கிளையைச் சேர்ந்தவை. அதே கிளைதான் மூளையைப் போர்த்திய உறைக்கும் இழைகளை விடுகிறது. ஒற்றைத் தலைவலியின் துடிப்பு பிறப்பது அவ்விழைகளில்.

சிலருக்கு நோவு தொடங்குமுன் பார்வையில் கோணல்மாணலாய் ஒளிக்கோடுகள் ஊரும். மூளைப்புறணியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நகரும் மின்னலையின் விளைவு அது. விலங்கு மூளையில் இவ்வலையை ஆய்வாளர் லியாவ் 1944இல் விளக்கினார். அலை கடக்கும் இடமெல்லாம் நரம்பணுக்கள் பொட்டாசியத்தையும் குளூட்டமேட்டையும் வெளியே கொட்டிவிட்டுச் சற்று நேரம் ஓய்ந்துபோகின்றன.

இவ்வலையாலோ வேறு தூண்டலாலோ முக்கிளை நரம்பு கிளர்ந்ததும் அதன் முனையில் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூரில் அலையடித்த கடலின் உயிர்கள் ஓடாகக் கட்டி, சுண்ணாம்புக்கல்லாய் விட்டுச்சென்ற அதே தனிமம், இங்கே அயனியாய் உட்புகுகிறது. உடனே நுண்பைகள் திறந்து, 37 அமினோ அமிலங்களால் ஆன சிஜிஆர்பி என்னும் பெப்டைடை உமிழ்கின்றன. அது குருதி நாளங்களை விரிக்கிறது. நோவுணர் நரம்புகளின் கூருணர்வை மிகுவிக்கிறது. அதனால்தான் குனிந்தாலும் படியேறினாலும் மண்டை தெறிக்கிறது. குடும்பவழி வரும் அரிய வகை ஒன்றில் கால்சியம் வாயிலின் மரபணுவே பிழைபட்டிருப்பதை 1996இல் கண்டறிந்தனர். ஆயினும், உணவில் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தால் நோய் குறையும் என்று கொள்வது தவறு; பழுது வாயிலில், பொருளில் அன்று.

தலைவலி கொண்டோரின் கழுத்துச் சிரைக் குருதியில் சிஜிஆர்பி மிகுந்திருந்ததை ஆய்வாளர்கள் கோட்ஸ்பியும் எட்வின்சனும் 1990இல் காட்டினர். செரோடோனின் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு சிஜிஆர்பியின் சுரப்பை அடக்கும் சுமாட்ரிப்டான் என்னும் மருந்து, அடுத்த ஆண்டே வழக்கிற்கு வந்தது. அப்பெப்டைடையோ அதன் ஏற்பியையோ மறிக்கும் எதிர்ப்புரதங்கள் 2018 முதல் கிடைக்கின்றன.

நம் வீடுகளில் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றிடுவர். நெற்றித் தோலுக்கு உணர்வூட்டுவதும் முக்கிளை நரம்பின் அம்முதற்கிளையே. சுக்கின் காரம் அதன் முனைகளைத்தான் தொடுகிறது. பற்று நோயைத் தீர்க்கும் என்பதற்கில்லை. இட்ட இடம் மட்டும் தவறவில்லை.