சங்கத்துக் கணினிக்குத் திருட்டுப் பிரதி எதற்கு?

"கடைக் கணக்குப் பார்ப்பவர்தானே" என்று சொல்லி, ஊர் நலன்புரிச் சங்கத்தின் பொருளாளர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். சங்கத்துக் கணினியில் இருந்ததெல்லாம் மலிவு இறுவட்டில் வந்த திருட்டுப் பிரதிகள். ஒருநாள் வைரஸ் புகுந்து இரண்டு வருடக் கணக்கும் அழிந்தது. பற்றுச்சீட்டுக்களைப் பார்த்து மீண்டும் எழுத மூன்று மாதங்கள் பிடித்தன. அதுவரை சந்தா தந்தவர்களின் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது.

பிறகுதான் விசாரித்தேன். இலாப நோக்கற்ற அமைப்புக்களுக்கு மென்பொருளை நன்கொடையாகவோ கழிவு விலையிலோ தரும் திட்டங்கள் உள்ளன. 1987இல் அமெரிக்காவில் ஆரம்பமான டெக்சூப், விண்ணப்பிக்கும் அமைப்பின் தகுதியைச் சரிபார்த்து, பல கம்பனிகளின் மென்பொருளைச் சிறு நிர்வாகக் கட்டணத்துக்குப் பெற்றுத் தருகிறது. மைக்ரோசொப்ட், தகுதியுள்ள அமைப்புக்கு 365 பிஸ்னஸ் பேசிக்கை 300 பேர் வரை இலவசமாகத் தருகிறது. அதில் வேர்ட், எக்செல் ஆகியவற்றை இணையத்தின் ஊடாகவே பாவிக்க வேண்டும். கணினியிலேயே நிறுவக்கூடிய பிஸ்னஸ் பிரீமியத்தின் இலவச வழங்கலை 2025 ஜூலை முதல் நிறுத்தத் தொடங்கினார்கள். இப்போது அது கழிவு விலைக்கே. நன்கொடை எப்போதும் நீடிக்கும் என்று நம்பிவிடாமல், கணக்கின் பிரதியொன்றைத் தனியே வைத்திருங்கள்.

விண்ணப்பத்துக்கு முதல் தேவை பதிவுச் சான்றிதழ். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புக்கள் சட்டத்தின் கீழோ, உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதியலாம். எல்லா ஆவணங்களிலும் அமைப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் முதலில் திரும்பி வந்தது இதனால்தான்.

அனுமதி கிடைத்ததும் நிர்வாக உறுப்பினர் ஒருவர், "என் கடைக்கும் ஒன்று போட்டுத் தாங்களேன்" என்றார். மறுத்துவிட்டேன். அந்த உரிமம் சங்கத்துக்கு மட்டுமே. சங்கத்துப் பணத்தைக் கடை முதலில் சேர்ப்போமா? இதுவும் அப்படித்தான்.

கடைக்கு வழியில்லாமல் இல்லை. லிப்ரே ஒபிஸ் வியாபாரத்துக்கும் இலவசம். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் அது போதும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பாவித்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம்.

நம்மில் பலர் ஏதோவொரு சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: நமது கணினியில் உள்ளவற்றுக்கு உரிமம் இருக்கிறதா?